மலை ஊர்களில் மூடிப்போன டீக்கடை, பேக்கரி, கூடுமிடங்கள்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ஃபிங்கர்போஸ்ட்காரன்

ஊட்டியில் படித்தவர்களுக்கு இடம் சொன்னாலே போதும். மார்க்கெட்டை ஒட்டிக் கீழே இறங்கும் சந்து, விறகு அடுப்பு பேக்கரி, போர்டு கிடையாது, மூன்று பெஞ்சு. பாய் கடை. சாயங்காலம் நாலரைக்கு வர்க்கி, அந்த மொறுமொறு அடுக்கு பிஸ்கட், இறங்கும். அந்த வாசனைக்குக் காலேஜ் விட்டதும் ஓடிவருவோம். இப்போது அங்கே ஹோம்மேட் சாக்லேட் விற்கிறார்கள்.

கடை மூடியதைக்கூட ஏற்றுக்கொண்டுவிட்டேன். போன வருஷம் அம்மாவைப் பார்க்க மேலே போனபோது நடந்ததுதான் இன்னும் உறுத்துகிறது. 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்குள் வர வெளியூர்க் காருக்கு இ-பாஸ் வேண்டும். என் வண்டி கோயம்புத்தூர் நம்பர். பிறந்த ஊருக்குப் போக அனுமதி கேட்பதற்கு மனசு வராமல் பஸ்ஸில் போனேன். மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் பக்கத்து வண்டி ஜன்னலில் ஒரு பெரியவர், குரங்குக் குல்லா, மடியில் துணிப்பை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சக்கரை இல்லாத டீ, மூணாவது பெஞ்சு. நீங்கதானே?"

முகத்தைப் பார்த்து எனக்குத் தெரியவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த விரல்களைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. சூட்டுத் தட்டை இழுத்து இழுத்து நுனியெல்லாம் ரேகையே இல்லாமல் வழவழவென்று இருக்கும். "பாய்! இப்ப எங்க இருக்கீங்க?" என்றேன். அதற்குள் அவர் வண்டி கிளம்பிவிட்டது. "மக வீட்ல" என்றது மட்டும் காதில் விழுந்தது. எந்த ஊர் என்று சொன்னார், இரைச்சலில் கேட்கவில்லை. என் பேர் அவருக்கு அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. ஆனால் நான் எப்படிக் குடிப்பேன் என்று தெரிந்திருக்கிறது. அவர் எங்கே இருக்கிறார் என்று யாருக்காவது தெரியுமா?

இந்து நகர்

நான் சொல்வது ஊட்டி ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ஆட்கள் போன டீக்கடை. 1967இல் உற்பத்தி தொடங்கி, எக்ஸ்ரே ஃபிலிமும் கறுப்பு வெள்ளை ஃபிலிமும் போட்டு, 2016இல் ஒரேயடியாக மூடிய கம்பெனி. இந்து நகர் என்ற பேரே அதனால் வந்தது. அப்பா கோட்டிங்கில் இருந்தார். ஃபிலிமில் மருந்து பூசும் இடத்தில் வெளிச்சம் ஆகாது, ஷிப்ட் முழுக்க இருட்டுதான்.

ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் நேரே கடைக்கு வந்து சுவரைப் பார்த்து நிற்பார்கள். வெயில் முதுகில் விழ, கண் சரியாகும்வரை யாரும் திரும்ப மாட்டார்கள். கடைக்காரர் கிளாஸை மேசையில் வைக்க மாட்டார். ஒவ்வொருவர் கையிலும் கொடுத்து, அவர்களுடைய விரல்களைத் தன் விரலால் மடக்கி மூடிவிட்டுத்தான் அடுத்த ஆளிடம் போவார்.

கம்பெனியில் ஆளே குறைந்துபோன சமயம் ஒருநாள் நான் போயிருந்தேன். நல்ல மத்தியானம், கடையில் வேறு யாரும் இல்லை. டீயை என் கையில் கொடுத்து, அதே மாதிரி விரலை மடக்கி மூடிவிட்டார். நான் எந்த இருட்டிலிருந்தும் வரவில்லை. அடுத்த தடவை போனபோது கடையே இல்லை. கைப்பழக்கமா, இல்லை என்னை அப்பா என்று நினைத்துவிட்டாரா? அப்பாவிடம் இதைச் சொன்னேன். ஒன்றும் பேசாமல் எழுந்து உள்ளே போய்விட்டார்.

லோயர் பஜார், குன்னூர்

ஃபிங்கர்போஸ்ட் தம்பி, கோவிச்சுக்காதீங்க. நாலரைக்கு இறங்குவது ரெண்டாவது ஈடு. நல்ல வர்க்கி காலையிலேயே இறங்கிவிடும். மாவைப் புளிக்க வைத்து, மடித்து மடித்து அடித்து, சீகை விறகு எரிந்து தணிந்த பிறகு அந்தச் சூட்டில் வைப்பார்கள். நீங்கள் சாப்பிட்டது மிச்சச் சூட்டில் வெந்தது. அதைப் போய் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறீர்கள்.

என் கதை சின்னது. குன்னூர் ஸ்டேஷனில் மலை ரயிலுக்கு எஞ்சின் மாற்றுவார்கள். பல்சக்கரத் தண்டவாளம் கல்லாறிலிருந்து குன்னூர்வரைதான், அதற்கு மேலே வேறு எஞ்சின். அந்த இடைவெளியில் எதிர்க்கடையில் டீ குடிக்க ஓடுவோம். ஒருதடவை கிளாஸோடு ரயிலில் ஏறிவிட்டேன். கடைக்கார அம்மா பிளாட்ஃபாரம் வரை ஓடிவந்து, "வெலிங்டன் ஸ்டேஷன்ல கார்டுகிட்ட குடுத்து விடு!" என்று கத்தினார்கள். அப்படியே செய்தேன். கீழே இறங்கும் வண்டியில் கிளாஸ் கடைக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த அம்மாவும் இல்லை, கடையும் இல்லை.

சரி, இதைப் படிக்கிற கீழ்நாட்டுக்காரர்களுக்குச் சில விஷயம். வர்க்கியைப் பாலிதீன் பையில் வைக்காதீர்கள், நமத்துப்போகும். தகர டப்பாவில் அடியில் காகிதம் போட்டு அடுக்குங்கள். நமத்துவிட்டால் எண்ணெய் விடாத தோசைக்கல்லைச் சூடாக்கி, அடுப்பை அணைத்துவிட்டு அதன்மேல் பரப்பி மூடிவையுங்கள். மைக்ரோவேவ் கூடவே கூடாது, ரப்பர் மாதிரி ஆகிவிடும். அப்புறம் டீ. ஊட்டியில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். உயரம் 2,240 மீட்டர் அல்லவா. அதனால் மலைக்கடைக்காரர்கள் தூளைக் கூடுதலாகப் போட்டு நேரம் கொடுத்து இறக்குவார்கள். அதே கணக்கைச் சென்னையில் போட்டால் கசக்கும். கீழே தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்து, தூள் போட்டு மூடிவைத்து வடிகட்டுங்கள். தூளும் மார்கழி, தையில் பறித்த இலையில் வந்ததாகப் பார்த்து வாங்குங்கள். பனிக்காலத்தில் இலை மெதுவாக வளரும், மணம் கூடும். குன்னூரில் ஏலம் 1963இலிருந்து நடக்கிறது. ஆனால் நல்ல சரக்கை நம்மூர்க் கடையில் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

ஃபிங்கர்போஸ்ட்காரன்

அண்ணே, வர்க்கி எப்படி வேகும் என்று நான் கேட்கவில்லை. பாய் எங்கே இருக்கிறார் என்றுதான் கேட்டேன். ரெண்டாவது ஈடோ மூன்றாவது ஈடோ, அதைச் சுட்ட கை எனக்கு முக்கியம்.

கோத்தகிரி அக்கா

பெஞ்சு, பெஞ்சு என்று எல்லோரும் எழுதுகிறீர்கள். அந்தப் பெஞ்சில் எந்தப் பெண் உட்கார்ந்தாள்? எங்கள் வயதுப் பெண்கள் டீக்கடையைத் தாண்டும்போது நடையை வேகமாக்குவோம். அவ்வளவுதான் எங்களுக்கும் கடைக்கும் உறவு. உங்கள் வருத்தம் பொய் என்று சொல்லவில்லை. ஆனால் "நம்ம கடை" என்றால் அந்த "நம்ம"வில் நாங்கள் இல்லை.

எங்களுக்கு இருந்தது வாடகை நூலகம் ஒன்றுதான். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஏறும் வழியில், தையல் கடைக்குப் பின்னால் ஒரே ஒரு ரூம். வாரப் பத்திரிகைகளில் வந்த தொடர்கதைகளைக் கிழித்து வரிசையாகச் சேர்த்துத் தைத்து, காக்கி அட்டை போட்டு வைத்திருப்பார்கள். நடுவில் கரி அடுப்பு. சனிக்கிழமை மத்தியானம் முக்காலிகளில் முழுக்கப் பெண்கள்தான் இருப்போம். குளிர்காலத்தில் வீட்டில் இருப்பதைவிட அங்கே கதகதப்பு.

தோட்டத்தில் இலை பறிக்கிற ஒரு அம்மா வருவார்கள். அவர்களுக்குப் படிக்கத் தெரியாது. என் பக்கத்தில் உட்கார்ந்து, "பாப்பா, சத்தமா படி" என்பார்கள். வாரா வாரம் ஒரே கதையைத் தொடர்ந்து படித்தேன். கதைநாயகி வீட்டை விட்டுக் கிளம்பிப் பஸ்ஸுக்காக நிற்கிறாள், அதோடு அந்தத் தொகுப்பு முடிந்தது. அடுத்த தொகுப்பை யாரோ எடுத்துப்போய்த் திருப்பிக் கொடுக்கவில்லை. டிவி சீரியல் வந்து ஆட்கள் குறைந்திருந்த சமயம் அது. அது திரும்பி வருவதற்குள் நூலகத்தையே பழைய பேப்பர்க்காரருக்குக் கொடுத்துவிட்டார்கள், கிலோக் கணக்கில்.

எனக்குக் கல்யாணம் ஆகி, பிள்ளைகள் பிறந்து, ஒருதடவை சந்தையில் அந்த அம்மாவைப் பார்த்தேன். இலைக்கூடையின் தலைப்பட்டை கட்டின தழும்பு நெற்றியில் அப்படியே இருந்தது. என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டு, நலமா என்றுகூடக் கேட்காமல், "அந்தப் பொண்ணு அப்புறம் பஸ் ஏறினாளா?" என்றார்கள்.

எனக்குத் தெரியாது. எழுதியவர் பேரும் நினைவில்லை, தலைப்பும் நினைவில்லை. அந்த முதல் பக்கங்கள் கிழிந்துதான் இருந்தன. "ஏறிட்டா அம்மா" என்றேன். "எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்கள் கேட்ட விதத்தில், அது கதையைப் பற்றின கேள்வி மாதிரியே எனக்குப் படவில்லை. யாருக்காவது இந்தக் கதை தெரிந்தால் சொல்லுங்கள். மூத்த பெண், அப்பா மரக்கடை, தம்பிக்குக் கால் ஊனம்.

பண்ணைக்காடு

பழனிமலைப் பக்கமிருந்து ஒருவரும் எழுதவில்லையே. வத்தலகுண்டிலிருந்து கொடைக்கானல் போகும் பழைய பஸ்கள் ஊத்து வந்ததும் நின்று மூச்சு வாங்கும். அங்கே ஒரு பழக்கடை, தாத்தா ஒருத்தர். மலைவாழை மட்டும்தான். தோல் சுருங்கிக் கறுத்தால்தான் தருவார். "இன்னைக்கு இது பழமில்ல, நாளைக்கு வா" என்பார். பஸ்ஸில் போகிறவன் நாளைக்கு எங்கே வருவான்? அதற்காக அவர் மாறவே இல்லை.

காபிக்கு நடுவில் நிழலுக்கு நின்ற வாழை அது. பழனிப் பஞ்சாமிர்தத்துக்கும் இந்த மலைவாழையில் விருப்பாட்சிப் பழம்தான் போகும். முடிக்கொத்து நோய் வந்து தோப்பு தோப்பாக அழிந்தது. கன்று வைத்தால் குருத்து விரியாமல் கொத்தாக நின்றுவிடும். காப்பாற்ற முடியாமல் பல பேர் விட்டுவிட்டார்கள். பின்னாளில் புவிசார் குறியீடு கிடைத்தது, சந்தோஷம்தான். தார் கிடைத்தால் இன்னும் சந்தோஷமாக இருக்கும்.

கடைசியாகப் போனபோது கடையில் கீழ்நாட்டுப் பழம் தொங்கியது. மஞ்சளாக, சுருக்கமே இல்லாமல். நான் பஸ்ஸிலிருந்து இறங்குவதைப் பார்த்துவிட்டார். உள்ளூர்க்காரன், கண்டுபிடித்துவிடுவான் என்று தெரியும். சாக்கை எடுத்து அந்தத் தார்மேல் போட்டு மூடிவிட்டு, "பழம் இல்லப்பா" என்றார். பக்கத்தில் நின்ற கார்க்காரர்களுக்கு அதே பழத்தைத்தான் விற்றுக்கொண்டிருந்தார். எனக்கு மட்டும் இல்லை. அந்த மரியாதையை எனக்கு இதுவரை வேறு யாரும் செய்ததில்லை.

பந்தலூர்

எங்கள் பக்கம் டான்டீ (அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம்) குடியிருப்பில் ஒரு ரொட்டிக்கடை இருந்தது. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கென்று அரசு 1968இல் தேயிலை நடத் தொடங்கியது, தெரிந்ததுதான். கடையை நடத்திய பாட்டி அப்படி வந்தவர். தேங்காய் ரொட்டியும் கட்டச்சம்பலும், குடிக்கப் பிளேன்டீ. சீனியைக் கலக்க மாட்டார். உள்ளங்கையில் கொட்டித் தருவார், நக்கிக்கொண்டு குடிக்க வேண்டும்.

ஒருநாள் இலங்கை ஹட்டனிலிருந்து சொந்தக்காரர்களைத் தேடி வந்த ஒரு இளைஞர் சாப்பிட உட்கார்ந்தார். பேச்சுவாக்கில் பாட்டி பிறந்த தோட்டமும் அவர் தோட்டமும் ஒன்று என்று தெரிந்தது. போனில் லயத்து, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின், படத்தைக் காட்டினார். பாட்டி அழுவார் என்று நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம். கண்ணருகே வைத்துப் பார்த்துவிட்டு, "தகரத்தை இன்னும் மாத்திக் குடுக்கலியா?" என்றார், கோபமாக. அப்புறம் ரொட்டிக்கு முழுக் காசையும் எண்ணி வாங்கிக்கொண்டார்.

அந்தப் படத்தைப் பிரிண்ட் போட்டு அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவர் சொன்னபடி அனுப்பினார். வருவதற்குள் பாட்டி போய்விட்டார், கடைக்குப் பூட்டு. பிள்ளைகள் திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார்கள். தபால்காரர் கவரை என் கையில் கொடுத்தார். என்னிடம்தான் இருக்கிறது. யாரிடம் சேர்ப்பது?

லோயர் பஜார், குன்னூர்

பந்தலூர் தம்பி, தேங்காய் ரொட்டிக்கு மைதாவில் கொஞ்சம் வெண்ணெய் சேர்த்துப் பிசைந்து ஒரு மணி நேரம் ஊறவைத்தால் மெத்தென்று வரும். சம்பலை மிக்சியில் அரைக்காமல்

கோத்தகிரி அக்கா

அண்ணா, போதும். அவர் கேட்டது வேறு. பந்தலூர் தம்பி, திருப்பூரில் எங்கள் பக்கத்து ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். அந்தக் குடும்பம் எந்தக் குடியிருப்பு, வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்று எனக்குத் தனியாக எழுதுங்கள், விசாரிக்கிறேன்.

பந்தலூர்

எழுதுகிறேன் அக்கா. லோயர் பஜார் அண்ணா, பாட்டி மைதாவைத் தொட்டதே இல்லை. ரேஷன் கோதுமையை அரைத்து, தேங்காயைத் துருவி, வெந்நீர் விட்டுப் பிசைந்ததும் தட்டிவிடுவார். ஊறவெல்லாம் வைக்க மாட்டார். தோட்டத்தில் காலை ஏழரைக்குப் பேர் பதிவு, அதற்குள் நாற்பது ஐம்பது பேருக்கு ரொட்டி போயாக வேண்டும்.