குழாய் நன்றாக இருக்கிறது. பித்தளை மட்டும் ஏன் உதிர்கிறது?

நெய்தல்வாசி:
திருச்செந்தூர் பக்கம் எங்கள் வீடு. ஆழ்துளைக் கிணற்று நீர் கரிக்கும். 2017இல் சிபிவிசி (வெந்நீர் தாங்கும் பிளாஸ்டிக்) குழாய் பதித்தோம். கீசர் அருகே பித்தளை மரை வைத்த எல்போ (குழாய் திரும்பும் இடத்து இணைப்பு) நேற்று கசிந்தது. கழற்றினால் மஞ்சள் நிறமே இல்லை; செங்கல் பொடி போலச் சிவந்து, நகத்தால் கீறினாலே மரை உதிர்கிறது. பிளாஸ்டிக்கில் ஒரு கீறலும் இல்லை. அம்மா நகையை விற்றுக் கட்டிய வீடு; சுவருக்குள் இன்னும் 11 எல்போக்கள் இருக்கின்றன. தூக்கம் வரவில்லை.

குழாய்ப்பணியாளர்:
தம்பி, பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. உப்பு நீர் துத்தநாகத்தை மட்டும் கரைத்து எடுத்துவிடும். மிஞ்சுவது பஞ்சு போன்ற செம்பு. அந்தச் சிவப்பு அதுதான். சூடு அரிப்பை விரைவுபடுத்தும். அதனால் வெந்நீர் இணைப்புகளை முதலில் பாருங்கள். துத்தநாகம் எளிதில் கரையாத ரகப் பித்தளையைக் கேட்டு வாங்குங்கள். விலை கூடுதல்தான், ஆனால் சுவரை இருமுறை உடைப்பதைவிட மேல்.

மணிமுத்தாறு:
நீரின் வேகத்தையும் கவனியுங்கள். பிரஷர் பம்ப் வைத்த என் வீட்டில் பித்தளை எல்போவின் உள்ளே, வளைவின் வெளிப்பக்கச் சுவரில் மட்டும் குதிரை லாட வடிவில் குழிகள் விழுந்திருந்தன. நீரில் மணலும் வந்துகொண்டிருந்தது.

நெய்தல்வாசி:
பம்ப் இல்லை அண்ணா, மேல்தொட்டி மட்டும்தான். அப்படியானால் உப்புதான். வெந்நீர்ப் பக்கத்து 2 எல்போக்களை நாளை திறந்து பார்க்கிறோம்.