6000-ல் சிஎல்30, சிஎல்36, இல்லை 7200-ஆ? ரைசனுக்கு எந்த ரேம் எடுக்கலாம்?

ஈசூன்வாசி:
வணக்கம். ஏஎம்டியின் ரைசன் 7 9700எக்ஸ் சிபியு, நாலு ஸ்லாட் உள்ள பி650 போர்டு இரண்டும் வாங்கியாச்சு. ரேம் மட்டும்தான் பாக்கி. டாவின்சி ரிசால்வில் 4கே எடிட்டிங், ராத்திரி கொஞ்சம் கேம், இதுதான் வேலை. சிங்கப்பூர் சிம் லிம் ஸ்குவேர் கடைகளில் விசாரித்ததில் டிடிஆர்5, 2×16 ஜிபி கிட் (ரெண்டு ஸ்டிக் சேர்ந்தது) மூணு இருக்கு. முதல் எண் வேகம், அடுத்த நாலும் டைமிங், அந்த நாலில் முதலாவதுதான் சிஎல்:

அ) 6000, 30-40-40-96
ஆ) 6000, 36-36-36-96
இ) 7200, 34-45-45-115

'ஆ'வைவிட 'அ' 45 வெள்ளி கூட. 'இ' இன்னும் மேலே. வேகத்தைப் பார்க்கணுமா, சிஎல்லைப் பார்க்கணுமா? இப்போ 32 ஜிபி போட்டுட்டு, அடுத்த வருஷம் இன்னொரு 32 சேர்க்கலாம்னு நினைப்பு. அந்த ரூமில் ஏர்கான் கிடையாது, அதையும் சொல்லிடறேன்.

நானோநொடி:
டைமிங் எண்கள் எல்லாம் கிளாக் (ரேமின் துடிப்பு) எண்ணிக்கை. அவற்றை நேரமாக மாற்றாமல் ஒப்பிடவே கூடாது. 6000 ரேமின் நிஜக் கிளாக் 3000 மெகாஹெர்ட்ஸ், ஏனென்றால் ஒரு கிளாக்குக்கு இரண்டு பரிமாற்றம். ஆக ஒரு கிளாக் 0.333 நானோநொடி. சிஎல்30 என்றால் 10 நானோநொடி, சிஎல்36 என்றால் 12. 7200-ல் சிஎல்34 என்றால் 9.4.

பெரும்பாலும் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். அடுத்த எண்களில்தான் விஷயமே இருக்கிறது. ரேம் சிப்புக்குள் தரவு வரிசை வரிசையாகக் கிடக்கிறது. வேண்டிய வரிசை ஏற்கெனவே திறந்திருந்தால் சிஎல் நேரம் மட்டும் போதும். வேறு வரிசை திறந்திருந்தால் முதலில் அதை மூட வேண்டும் (மூன்றாவது எண்), புதியதைத் திறக்க வேண்டும் (இரண்டாவது எண்), அப்புறம்தான் படிக்க முடியும் (முதல் எண்). மூன்றையும் கூட்டிப் பாருங்கள்:

அ) 40+40+30 = 110 கிளாக், 36.7 நானோநொடி
ஆ) 36+36+36 = 108 கிளாக், 36 நானோநொடி

பெட்டியில் பெரிதாக 'சிஎல்30' என்று போட்டிருக்கும் கிட், வரிசை மாற்றும்போது சிஎல்36 கிட்டைவிடப் பின்தங்குகிறது. திறந்த வரிசையில் 2 நானோநொடி லாபம், மூடித் திறக்கும்போது 0.7 நஷ்டம். இந்த வித்தியாசத்துக்கு 45 வெள்ளி கொடுக்காதீர்கள். 30-36-36 கிட் கிட்டத்தட்ட அதே விலைக்குக் கிடைத்தால் மட்டும் யோசிக்கலாம். கடையில் ஸ்டிக் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் நான்கு எண்ணையும் படித்துவிட்டுக் காசு கொடுங்கள். ஒரே பெயர், ஒரே நிறம், ஆனால் உள்ளே வேறு டைமிங் என்பது சகஜம்.

'இ' கணக்குப்படி 34.4 நானோநொடிதான், குறைவுதான். ஆனால் உங்கள் சிபியுவில் அந்த லாபம் நிற்காது. 6000 வரை மெமரி கன்ட்ரோலர் (சிபியுவில் ரேமைக் கையாளும் பகுதி) ரேமோடு ஒன்றுக்கு ஒன்று, 3000-ல் ஓடும். 7200 போட்டால் பாதி விகிதத்துக்கு இறங்கி 1800-ல் ஓடும். மிச்சமான நேரம் அங்கே கரைந்துவிடும். இன்னொன்று: 9700எக்ஸில் கோர்கள் எல்லாம் ஒரே சிப்லெட்டில் (சிபியுவுக்குள் இருக்கும் சின்னச் சிப்) இருக்கின்றன. அது இன்ஃபினிட்டி ஃபேப்ரிக் என்ற உள் இணைப்பு வழியாக ஒரு கிளாக்குக்கு 32 பைட்தான் படிக்கும். ஃபேப்ரிக் 2000-ல் ஓடினால் நொடிக்கு 64 ஜிபி. இரட்டைச் சேனலில் 6000 ரேமே 96 ஜிபி தரக்கூடியது. குழாய் சிறியதாக இருக்கும்போது தொட்டியைப் பெரிதாக்கிப் பயனில்லை. இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை என்றால் நான் வேறு மாதிரி சொல்லியிருப்பேன்.

சாலிடர்செல்வி:
மேலே சொன்னது அத்தனையும் சரி. ஆனா கேள்வியிலேயே பெரிய ஆபத்து ஒண்ணு இருக்கு, 'அடுத்த வருஷம் இன்னொரு 32'. தயவுசெய்து அப்படிச் செய்யாதீங்க. 9000 தொடருக்கு ஏஎம்டி அதிகாரப்பூர்வமா சொல்ற வேகம் இரண்டு ஸ்டிக்குக்கு 5600, நாலு ஸ்டிக்குக்கு 3600. நாலு போட்டு 6000-ல் நிலையா ஓட்டறது அதிர்ஷ்டம். அதோட, ஒரே மாடல் எண்ணில் பின்னாடி வாங்கற கிட்டில் வேற சிப் இருக்கலாம்.

4கே எடிட்டிங்னா இப்பவே 2×32 வாங்கிடுங்க. ரேம் நிரம்பி எஸ்எஸ்டியைத் தொட ஆரம்பிச்சா, அங்கே நடக்கற தாமதம் நானோநொடி இல்லை, மைக்ரோநொடி. சிஎல் வித்தியாசமெல்லாம் அதுக்கு முன்னாடி தூசு. அந்த 45 வெள்ளியைக் கொள்ளளவில் போடுங்க.

மாட்டும்போது சிபியுவிலிருந்து எண்ணி 2, 4-ஆம் ஸ்லாட். 1, 2-ல் பக்கத்துப் பக்கத்தில் மாட்டினா ஒற்றைச் சேனல் ஆகி பாதி அகலம் போயிடும். முதலில் பயோஸ் அப்டேட், பிறகு எக்ஸ்போ (ரேம் பெட்டியில் போட்ட வேகத்தை வைக்கிற பயோஸ் செட்டிங்) ஆன். முதல் தடவை திரை சில நிமிஷம் கருப்பாவே இருக்கும், போர்டில் டிராம் விளக்கு எரியும். அது மெமரி டிரெய்னிங், ரேமுக்கு ஏத்தபடி போர்டு தன்னைச் சரிசெய்துக்கறது. பயந்து பவரை அணைச்சா திரும்ப முதலிலிருந்துதான். விண்டோஸ் வந்ததும் ஜென்டைமிங்ஸ்ங்கற மென்பொருளில் எம்சிஎல்கே (ரேம் கிளாக்), யுசிஎல்கே (மெமரி கன்ட்ரோலர் கிளாக்) இரண்டும் 3000 காட்டணும். யுசிஎல்கே 1500 காட்டினா பயோஸில் ஒன்றுக்கு ஒன்று விகிதத்தைக் கையால் வைங்க.

ஈசூன்வாசி:
ரொம்ப நன்றி. 2×32-ஏ எடுத்துடறேன். யூடியூபில் ஒருத்தர் டிஆர்இஎஃப்ஐயை 65535-க்கு ஏத்தினா காசில்லாம வேகம் கிடைக்கும்னு சொல்றார். செய்யலாமா?

ஜூரோங்93:
ஏர்கான் இல்லாத ரூமில் வேண்டாம். ரேமில் ஒவ்வொரு பிட்டும் ஒரு சின்ன கெபாசிட்டரில் இருக்கும் மின்னூட்டம். அது கசிந்துகொண்டே இருக்கும், அதனால் அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். டிஆர்இஎஃப்ஐ அந்த இடைவெளி. தரநிலை 3.9 மைக்ரோநொடி, 6000 ரேமில் சுமார் 11,700 கிளாக். 65535 வைத்தால் 21.8 மைக்ரோநொடி, ஐந்தரை மடங்குக்கும் மேல். சூடு ஏற ஏறக் கசிவும் கூடும். நம் ஊர் மதியத்தில் ரூமே 31, 32 டிகிரி இருக்கும். அதன் மேல் கிராபிக்ஸ் கார்டின் சூட்டுக் காற்று நேரே ரேம் மேல் அடிக்கும். ராத்திரி மணிக்கணக்கில் பாஸ் ஆன செட்டிங் மதியம் மூன்று மணிக்கு ரெண்டரில் விழும். ரேம் வெப்பத்தை எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளில் பாருங்கள், டிடிஆர்5 ஸ்டிக்கிலேயே சென்சார் உண்டு.

சோதனைக்கும் இதே கதைதான். மெம்டெஸ்ட்86-ஐ நான்கு சுற்று ஓட்டுங்கள். அது கார்டைச் சூடாக்காது, அதனால் அதோடு விடாமல், விண்டோஸில் டெஸ்ட்மெம்5 ஓடும்போதே கார்டுக்கும் லோடு கொடுங்கள், மதியத்தில், ஜன்னல் வழக்கம்போல் இருக்கும் நிலையில். ஒரே ஒரு பிழை வந்தாலும் ஏற்காதீர்கள். ரேம் பிழை எப்போதும் நீலத்திரை காட்டாது. சத்தமில்லாமல் புராஜெக்ட் ஃபைலைக் கெடுத்துவிடும், ஒரு மாதம் கழித்துத்தான் தெரியும்.

பிழை வந்தால் எஸ்ஓசி வோல்டேஜை (சிபியுவில் மெமரி கன்ட்ரோலர் இருக்கும் பகுதிக்கான மின்னழுத்தம்) 1.20, பிறகு 1.25 வைத்துப் பாருங்கள். 1.30-ஐத் தாண்டவே கூடாது. 2023-ல் ஏஎம்5 (உங்கள் போர்டின் சாக்கெட் வகை) சிபியுக்கள் சில கருகிய பிறகு ஏஎம்டி வைத்த வரம்பு அது. அப்புறமும் வந்தால் டைமிங்கைத் தொடாமல் வேகத்தை மட்டும் 5600-க்கு இறக்குங்கள். சிஎல்36 அப்போது 12.9 நானோநொடி ஆகும், எடிட்டிங்கில் உங்களுக்குத் தெரியப்போவதில்லை. அதிலும் பிழை வந்தால் ஒவ்வொரு ஸ்டிக்காகத் தனியே போட்டுச் சோதியுங்கள். ஒன்று மட்டும் விழுந்தால் இரண்டையும் சேர்த்தே கடைக்குக் கொண்டுபோய் கிட்டாக மாற்றச் சொல்லுங்கள். ஒற்றை ஸ்டிக் தருகிறோம் என்றால் வாங்காதீர்கள்.