மூணாம் வகுப்புக்கு நோட்டு, பை, ஷூ: எதை இப்பவே வாங்கலாம்?

ஜூன்ல ஸ்கூல் திறக்குது. லிஸ்ட் இன்னும் வரலை. மொத்தமா வாங்கிடலாமா?

பதில் 1: நோட்டை மட்டும் நிறுத்தி வைங்க. நாலு கோடா, ரெண்டு கோடா, கட்டம் போட்டதான்னு ஸ்கூல் சொல்லணும். மாறிட்டா எதுக்கும் ஆகாது. மொத்தமா வேணும்னா சென்னை பாரிமுனை ஆண்டர்சன் தெரு. பேனா மை பின்பக்கம் ஊறுதான்னு ஒரு தாள்ல எழுதிப் பாருங்க. பிரவுன் ஷீட்டை ஓரம் 2 அங்குலம் விட்டு வெட்டுங்க. நோட்டை மூடி வச்சு மடிக்கணும். திறந்து வச்சு மடிச்சா அட்டை மூடாது, முதுகுல கிழியும்.

பதில் 2: பை காலியா இருக்கும்போதே கனமா இருந்தா வேண்டாம். புத்தகத்தோட சேர்த்து பிள்ளை எடையில 10 சதவீதம்தான் கணக்கு. ஜிப்பை விட வார் தைச்ச இடம்தான் முதல்ல பிரியும், அங்க இரட்டைத் தையல் இருக்கான்னு பாருங்க.

பதில் 3: ஷூ கடைசியா வாங்குங்க, சாயந்திரம், சாக்ஸோட. நுனியில கட்டைவிரல் அகலம் இடம் போதும். ரெண்டு சைஸ் பெருசா எடுத்தா குதிகால் உரசிக் கொப்புளம்தான்.