புதுப்பிப்பு: மாங்கனீசு டை ஆக்சைடு கேத்தோடின் கொள்ளளவுச் சரிவு

துத்தநாக அயனி மின்கலத்தில் மாங்கனீசு டை ஆக்சைடு கேத்தோடின் (நேர்மின்வாயின்) கொள்ளளவு, அதாவது அது தேக்கும் மின்னூட்ட அளவு, சில பத்து மின்னேற்ற-மின்னிறக்கச் சுழற்சிகளிலேயே ஏன் சரிகிறது என்று முன்பு கேட்டிருந்தேன். மின்னிறக்கத்தில் உருவாகும் மூவிணைதிற மாங்கனீசு நிலையற்றதாகையால், அது நான்கிணைதிற, ஈரிணைதிற வடிவங்களாகப் பிரிந்து, பின்னது மின்பகுளியில் (அயனிகளைக் கடத்தும் கரைசலில்) கரைந்துவிடுகிறது என்று நண்பர்கள் சுட்டியது சரியே. கரைசலில் ஏற்கெனவே மாங்கனீசு இருந்தால் கேத்தோடிலிருந்து மேலும் கரைவது குறையும் என்பதால், மின்பகுளியான 2 மோலார் துத்தநாக சல்பேட்டுக் கரைசலில் 0.1 மோலார் மாங்கனீசு சல்பேட்டை (2016இல் வெளியான ஆய்வொன்றில் கையாண்ட அளவு இது) முன்கூட்டியே சேர்த்ததும் சரிவு வெகுவாகக் குறைந்தது. மாதக்கணக்கில் வாட்டிய சிக்கல் இளகியதில் எனக்குப் பெரும் மகிழ்ச்சி. ஆயினும், மின்னேற்றத்தின்போது கரைசலிலுள்ள மாங்கனீசும் கேத்தோடின்மேல் ஆக்சைடாகப் படிந்து கொள்ளளவைக் கூட்டிக் காட்டக்கூடும் என்பதால், கிராமுக்கு 308 மில்லி ஆம்பியர் மணி என்ற ஓர் எலக்ட்ரான் வரம்பை (ஒவ்வொரு மாங்கனீசு அணுவும் ஓர் எலக்ட்ரானை ஏற்றால் கிடைக்கும் உச்சக் கொள்ளளவை) நெருங்கும் எண்ணை முழுவதும் கேத்தோடின் கணக்கில் நான் எழுதுவதில்லை. மாங்கனீசு சல்பேட்டு சேர்க்காத கலத்தையும் உடன் ஓட்டி ஒப்பிட்டு வருகிறேன்.