நெல் ரகத் தளத்தில் தேடுவது கிடைக்கவில்லை, பக்கங்களை எப்படிப் பிரிப்பது?

திருவாரூர் பக்கம் பாரம்பரிய நெல் விதைக்கும் விவசாயிகளுக்காக வேர்ட்பிரஸ் என்ற தளம் அமைக்கும் மென்பொருளில் ஒரு இணையதளம் நடத்துகிறோம். தகவல் நிறைய இருக்கிறது, ஆனால் வேண்டியது யாருக்கும் கிடைப்பதில்லை. குறுவை விதைப்பு நெருங்கும்போது "பூங்கார் நெல் எத்தனை நாள் பயிர்?" என்று போனில்தான் கேட்கிறார்கள். அது தளத்தில் இருக்கிறது, நீளமான கட்டுரையின் நடுவில்.

முதலில் விதை, நாற்றங்கால், நோய், அறுவடை என்று வகை பிரித்தோம். ஒரே ரகத்தின் செய்தி நாலு இடத்தில் சிதறிவிட்டது. அப்புறம் குறிச்சொற்கள் போட்டோம். ஆளுக்கொரு விதமாகப் போட்டதில் அதுவும் குழம்பியது. எல்லா ரகத்தையும் ஒரே அட்டவணையில் வைத்தால் கணினியில் சரி, போனில் பாதிதான் தெரிகிறது. வருகிறவர்கள் பெரும்பாலும் போனில்தான் பார்க்கிறார்கள்.

தேடல் பெட்டிதான் பெரிய சிக்கல். வேர்ட்பிரஸ் தேடல் எழுத்துக்கு எழுத்து பொருந்தினால்தான் காட்டும். "கருங்குருவை" என்று அடித்தால் கருங்குறுவை ரகத்தின் பக்கம் வராது. அதனால் தேடலை மட்டும் நம்ப முடியாது.

இப்போது ஒரு ரகத்துக்கு ஒரு பக்கம், மேலேயே வயது, பருவம், ஏற்ற மண் என்று மாற்றி எழுதுகிறோம். முகப்பு மெனுதான் முடிவாகவில்லை. குறுவை, சம்பா, தாளடி என்று பருவம் வைத்தால் பூங்கார் போன்றவை ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் வரும். அகர வரிசை வைத்தால், பெயர் தெரியாத புது விவசாயி எங்கே தொடங்குவார்?

இது மாதிரி தளம் அமைத்தவர்கள் சொல்லுங்கள்: போனில் பார்ப்பவர்களுக்கு முதல் மெனு பருவமா, ரகத்தின் பெயரா?