ஆர்-390ஏ ரிசீவர்: செதுக்கிய எழுத்து கெடாமல் முன்பலகைக்கு மறுபடி பெயிண்ட் அடிப்பது எப்படி?

வால்வுமணி:
வணக்கம் நண்பர்களே. ஆர்-390ஏ (அமெரிக்க ராணுவத்தின் பழைய வால்வு ரேடியோ ரிசீவர்) ஒன்றின் முன்பலகையைப் புதுப்பிக்க வேண்டும். அலுமினியம், 19 அங்குல அகலம், 10½ அங்குல உயரம். எழுத்துகள் எல்லாம் செதுக்கி வெள்ளை நிரப்பியவை. முன்பு வைத்திருந்தவர் யாரோ பிரஷ்ஷால் கனமாகச் சாம்பல் பெயிண்ட் பூசியதில் 'மெகாசைக்கிள் சேஞ்ச்', 'ஆடியோ ரெஸ்பான்ஸ்' எல்லாம் பாதி மூடிக் கிடக்கின்றன. பழைய பெயிண்ட்டை மணல் பீய்ச்சி எடுக்கலாமா? பிரைமர் தேவையா? வெள்ளை நிரப்ப எது நல்லது? கடைசியில் கிளியர் கோட் (நிறமில்லாத மேல்பூச்சு) அடிக்கணுமா?

அலைவரிசை_31:
மணல் வேண்டவே வேண்டாம். இந்த வேலை முழுக்க எழுத்தின் விளிம்பில்தான் இருக்கிறது. மணல் அந்த விளிம்பை மழுக்கிவிடும், அப்புறம் எப்படி நிரப்பினாலும் எழுத்து வீங்கினாற்போலத்தான் தெரியும். காஸ்டிக் சோடாவும் கூடாது. அது பெயிண்ட்டோடு அலுமினியத்தையும் சேர்த்து அரிக்கும்.

முதலில் பலகையைக் கழற்றுங்கள். குமிழ்களில் இருப்பது பிரிஸ்டல் வகைத் திருகு (தலைக்குள் பல் பல்லாக வெட்டியது, அதற்கென்று தனிச் சாவி உண்டு), பெரும்பாலும் 8-ஆம் நம்பர். ஆலன் கீயை விட்டுத் திருகினால் உள்பல் உருண்டுபோகும். ஸ்விட்ச், பாட் (ஒலியளவு போன்றவற்றைக் கூட்டிக் குறைக்கும் பொட்டென்ஷியோமீட்டர்) எல்லாவற்றையும் நட்டை மட்டும் எடுத்துப் பின்னால் தள்ளி வையுங்கள், வயரை வெட்ட வேண்டிய அவசியமே இல்லை. கழற்றும் முன் ஒவ்வொரு குமிழும் எங்கே காட்டுகிறது என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஜெல் வகை ரிமூவரைத் தடிமனாகப் பூசி, பாலித்தீன் தாளால் மூடி அரை மணி நேரம் விடுங்கள். திறந்தவெளியில், கெமிக்கல் கையுறையோடு. பிளாஸ்டிக் தகட்டால் வழித்துவிட்டு மறுபடி பூசுங்கள். கனமான பெயிண்ட் என்றால் இரண்டு மூன்று தடவை ஆகும். எழுத்துக்குள் இருப்பதை நைலான் பிரஷ்ஷாலும் மூங்கில் பல்குச்சியாலும் மட்டும் எடுங்கள். ஊசி, குண்டூசி வேண்டாம். ஊசி முனை விளிம்பில் ஒரு தடவை வழுக்கினால் விழும் கீறல், வெள்ளை நிரப்பியதும் எழுத்துக்கு வால் முளைத்தது போல நிற்கும். கழுவிக் காயவைத்து, 400 உப்புத்தாளைத் தட்டையான கட்டையில் சுற்றித் தண்ணீர் தொட்டு லேசாகத் தேயுங்கள். அப்புறம் அசிட்டோனால் துடைத்துவிட்டு, வெறுங்கையால் தொடாதீர்கள்.

பிரைமர் கட்டாயம். ஆனால் எட்ச் பிரைமர் (உலோகத்தை லேசாக அரித்துப் பிடித்துக்கொள்ளும் வகை) மட்டும், அதுவும் உலோகம் லேசாகத் தெரிகிற அளவுக்கு ஒரே கோட். பள்ளத்தை நிரப்பும் கனமான ஃபில்லர் பிரைமரை அடித்தால் எழுத்தும் சேர்ந்து நிரம்பிவிடும். பிரைமரே இல்லையென்றால் நட்டை இறுக்கும்போது அதைச் சுற்றிப் பெயிண்ட் சில்லாகப் பெயரும். பின்பக்கத்தில் எர்த் தொடுகிற இடங்களுக்கு மட்டும் டேப் ஒட்டுங்கள்.

பலகையைச் செங்குத்தாக நிறுத்தி, 20–25 செ.மீ. தூரத்திலிருந்து மெல்லிய மூன்று கோட். ஒவ்வொன்றுக்கும் திசையை மாற்றுங்கள், அப்போதுதான் பள்ளத்தின் எல்லாச் சுவருக்கும் பெயிண்ட் போய்ச் சேரும். படுக்கவைத்து ஈரமாக அடித்தால் எழுத்துக்குள் பெயிண்ட் தேங்கும்.

நிறத்துக்கு மீட்டர் சட்டத்தின் அடியில் பாருங்கள். வெயில் படாத பழைய பெயிண்ட் அங்கே இருக்கும், அதை வைத்துக் கலக்கச் சொல்லுங்கள். உரிக்கும் முன்பே இதைச் செய்துவிடுங்கள். தயாரித்த கம்பெனியைப் பொறுத்துச் சாம்பல் கொஞ்சம் மாறும்.

செம்புச்சுருள்:
மேலே சொன்னதோடு ஒன்று. முழு மேட் பெயிண்ட் வாங்காதீர்கள், செமி கிளாஸ்தான் சரி. மேட் பரப்பின் சொரசொரப்பில் வெள்ளை ஏறிக்கொண்டு, எவ்வளவு துடைத்தாலும் எழுத்தைச் சுற்றிப் பால் படிந்தாற்போல இருக்கும். மணல் பீய்ச்சிய உலோகத்தின் மேல் அடித்தாலும் இதே கதைதான்.

அடுத்தது காயவிடுவது. சாதாரண எனாமல் தொட்டால் ஒரே நாளில் காய்ந்த மாதிரி இருக்கும், டர்பன்டைன் பட்டால் கரையும். ஒரு ராத்திரி விட்டு, சமையலுக்குப் பயன்படாத அவனில் 70–80 டிகிரியில் இரண்டு மணி நேரம் சுடுங்கள். வசதி இல்லையென்றால் குறைந்தது இரண்டு வாரம் பொறுங்கள்.

வெள்ளைக்குப் பலரும் சொல்லும் லாக்கர் ஸ்டிக் (எழுத்தில் தேய்த்து நிரப்பும் மெழுகு போன்ற பெயிண்ட் குச்சி), பெரிய எழுத்துக்கு அருமை. இந்தப் பலகையில் மெல்லிய கோடுகள் நிறைய. அவற்றில் மெழுகுத்தன்மை உள்ள பொருள் சரியாக இறங்காது, துடைக்கும்போது வெளியே வந்துவிடும். ஓவியர்கள் பயன்படுத்தும் டைட்டானியம் வெள்ளை அக்ரிலிக்கை எடுங்கள். தண்ணீரில் துடைபடும் என்பதால் கீழே உள்ள எனாமலுக்கு ஆபத்தில்லை. விரலால் அழுத்தித் தேய்த்து, பழைய ஏடிஎம் அட்டையால் குறுக்காக வழியுங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில், துணியைத் தட்டையான கட்டையில் இறுக்கிச் சுற்றி, ஈரம் இருக்கிறதா இல்லையா என்கிற அளவுக்கு நனைத்து, எழுத்துக்குக் குறுக்கே ஒரே திசையில் இழுங்கள். தளர்ந்த துணி பள்ளத்துக்குள் இறங்கி வெள்ளையை எடுத்துவிடும். ஒவ்வொரு இழுப்புக்கும் துணியின் சுத்தமான பக்கத்தைத் திருப்புங்கள். அக்ரிலிக் காய்ந்ததும் சற்று அமுங்கும், இன்னொரு தடவை நிரப்பினால் சரியாகிவிடும். மொத்தப் பலகையையும் ஒரே மூச்சில் செய்யாமல் ஒரு குமிழைச் சுற்றியுள்ளதை முடித்துவிட்டு அடுத்ததுக்குப் போங்கள்.

வால்வுமணி:
இருவருக்கும் மிக்க நன்றி. டூ-கே பெயிண்ட் (ஹார்டனர் கலந்து அடிக்கும் இரு பொருள் பெயிண்ட்) அடித்தால் சுட வேண்டிய வேலை இல்லையே? கிளியர் பற்றியும் சொல்லுங்கள்.

அலைவரிசை_31:
டூ-கே மறுநாளே கெட்டியாகிவிடும், துடைப்பதற்கும் தாங்கும். ஆனால் அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. துணி மாஸ்க்கும் தூசி மாஸ்க்கும் அதைத் தடுக்காது, வெளியிலிருந்து காற்று கொடுக்கும் முகமூடி வேண்டும். அந்த வசதியுள்ள கார் பெயிண்ட் பட்டறையில் கொடுத்து அடித்துக்கொள்ளுங்கள், 'மெல்லிய கோட், ஃபில்லர் கூடாது' என்று எழுதியே கொடுங்கள்.

கிளியர் தேவையில்லை. ஒரிஜினலில் இல்லாத மினுமினுப்பு வந்துவிடும். லாக்கர் ஸ்டிக் மேல் அடித்தால் அதன் கரைப்பான் வெள்ளையை இளக்கி ஓரத்தில் கசியவிடும்.

செம்புச்சுருள்:
மீட்டர்களைக் கழற்றும்போது கவனம். இந்த செட்டின் பழைய மீட்டர்கள் பலவற்றில் கதிர்வீச்சு உள்ள ரேடியம் கலந்த பூச்சு உண்டு. ராணுவம் இவற்றைக் கழித்துவிட்டபோது மீட்டரை மட்டும் எடுத்துக்கொண்டதற்கு அதுதான் காரணம். உங்களுடையதில் இருந்தால் கண்ணாடியைத் திறக்காமல், முள்ளைச் சுத்தம் செய்யப் போகாமல், அப்படியே பையில் மூடித் தனியாக வையுங்கள். சட்டத்தின் அடியில் நிறம் பார்க்க மீட்டரைப் பிரிக்க வேண்டியதில்லை, பலகையிலிருந்து முழுசாகக் கழற்றினாலே போதும்.