பென்டிரைவில் பாட்டு ஏற்றி விற்றால் தப்பா?

டெம்போ_செல்வம்: பஸ்காரர்களுக்கும் கார்காரர்களுக்கும் 32 ஜிபி பென்டிரைவில் பழைய சினிமாப் பாட்டுகளை நான்ஸ்டாப்பாக மிக்ஸ் பண்ணிக் கொடுக்கிறேன், விலை 400 ரூபாய். ஒரு பாட்டின் தாளம் அடுத்ததில் போய் உட்கார வேண்டும், கீழே பேஸ் ஏற்ற வேண்டும், ராத்திரி தூக்கம் போய்விடும். காப்பிரைட் கேஸ் ஆகும் என்று ஒருத்தர் பயமுறுத்துகிறார். என் உழைப்புக்குத்தானே காசு?

மேகலா: உழைப்பை இல்லையென்று சொல்லவில்லை அண்ணா. ஆனால் வாங்குகிறவர் உங்கள் பேஸுக்காகவா வாங்குகிறார்? பாட்டு வரிக்கு ஒரு உரிமை, மெட்டுக்கு ஒன்று, பதிவுக்குத் தனியாக ஒன்று. உங்கள் காரில் போட்டுக்கொள்ள மிக்ஸ் பண்ணினால் அது சொந்த உபயோகம், சட்டமே விடுகிறது. விற்றால் காப்பிரைட் சட்டம் 63-ஆம் பிரிவு, 6 மாதம் முதல் 3 வருஷம் வரை ஜெயில், 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம். வியாபார லாபத்துக்காக இல்லையென்றால்தான் கோர்ட் குறைக்கலாம்.

பழைய_கேசட்: அடேங்கப்பா! எண்பதுகளில் ஊருக்கு ஊர் ரெக்கார்டிங் சென்டர் இருந்ததே. தாளில் லிஸ்ட் எழுதிக் கொடுத்தால் 60 நிமிஷக் கேசட்டில் ஏ பக்கம் பி பக்கம் பிரித்துப் பதிந்து, அட்டையில் மணி மணியாகப் பாட்டுப் பேரும் எழுதித் தருவார்கள். அவர்களெல்லாம் திருடர்களா?

மேகலா: 1957 சட்டம் அப்போதும் இருந்தது, யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை, அவ்வளவுதான். பாட்டெழுதியவருக்கு அதில் பத்து பைசா போயிருக்குமா?

ரீமிக்ஸ்_குமார்: 30 செகண்டுக்குள் எடுத்தால் பிரச்சினையில்லை என்கிறார்களே? கவர் வெர்ஷனுக்கும் சட்டத்திலேயே வழி இருக்கிறது.

மேகலா: 30 செகண்ட் கணக்கு சட்டத்தில் எங்கேயும் கிடையாது. கவருக்கு 31சி பிரிவு இருக்கிறது, சரி, ஆனால் அது புதிதாகப் பாடி வாசித்துப் பதிவதற்கு. அதற்கே முதல் பதிவு வந்து 5 வருஷம் தாண்டணும், முன்கூட்டி நோட்டீஸ் கொடுக்கணும், சாதாரணமாக வருஷத்துக்குக் குறைந்தது 50,000 பிரதிக்கு ராயல்டி கட்டணும். அசல் பதிவை வெட்டி ஒட்டுவது கவரே இல்லை.

டெம்போ_செல்வம்: அப்போ 1964-க்கு முந்தைய பாட்டு மட்டும் போடுகிறேன். 60 வருஷம் முடிந்துவிட்டதே?

மேகலா: பதிவுக்கு முடிந்தது. வரிக்கும் மெட்டுக்கும் படைத்தவர் மறைந்த பிறகுதான் 60 வருஷக் கணக்கு. பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் 1959-இல் போய்விட்டார், அவர் வரிகள் நாட்டுடைமை. ஆனால் மெட்டு விஸ்வநாதன்-ராமமூர்த்தியுடையது என்றால்? எம்.எஸ்.வி. மறைந்தது 2015-இல், அங்கிருந்து இன்னொரு 60 எண்ணுங்கள்.

பழைய_கேசட்: நல்லா இருக்கு நியாயம். 400 ரூபாய்க்கு விற்கிறவன் ஆயிரம் பாட்டுக்கும் ஆயிரம் கம்பெனி வாசலில் போய் நிற்கணுமா? சின்ன ஆளுக்கு ஒரே இடத்தில் பணம் கட்டி ரசீது வாங்க ஒரு ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு அப்புறம் பேசுங்கள்.

மேகலா: அந்த ஜன்னல் வேண்டும்தான், மறுக்கவில்லை. அது வராததால் இது சரியாகிவிடாது.

டெம்போ_செல்வம்: கல்யாணத்தில் டிஜே போட்டால்?

மேகலா: கல்யாண ஊர்வலத்துக்கும் கொண்டாட்டத்துக்கும் 52-ஆம் பிரிவில் விலக்கு இருக்கிறது. ஹோட்டல் விருந்தில்தான் கம்பெனிகள் வம்புக்கு வருகின்றன. உங்கள் கைவேலையை அங்கே மேடையில் காட்டிக் காசு வாங்குங்கள், பென்டிரைவை மட்டும் விற்காதீர்கள்.